முப்பத்திநாலு பெரிதா, முப்பத்திரண்டு பெரிதா?

போன இதழில், "மானிட்டர் வாங்கும் முன் மேசையை அளந்துவிடுங்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே பிரிண்டர் மை, பென் டிரைவ் வைரஸ் எல்லாம் அடுத்த மாதம். இந்த முறை மானிட்டர் மட்டும்.

ஈரோட்டில் வரி ஆலோசகராக இருக்கிறேன். நாள் முழுக்க எக்செல், டாலி, ஜிஎஸ்டி தளம் மூன்றும் திறந்தே இருக்கும். இப்போது இருப்பது 22 அங்குலம். 34 அங்குல அல்ட்ராவைடு ஒன்றும், 32 அங்குல 4கே ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். "அதே காசுக்கு ரெண்டு அங்குலம் கூட வருதே, விடுவானேன்" என்கிறார் என் கூட்டாளி. சரிதானே?
*— வாசகர், ஈரோடு*

சரியில்லை. உங்கள் கூட்டாளி வரிக் கணக்கில் புலியாக இருக்கலாம். இந்தக் கணக்கில் ஏமாந்துவிட்டார். வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், 2021-ல் நானும் இதே இடத்தில்தான் ஏமாந்தேன்.

மானிட்டரின் அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்தது. மனை வாங்கும்போது யாராவது மூலைவிட்டம் கேட்டு வாங்குகிறோமா? ரோட்டுப் பக்கம் எத்தனை அடி, உள்ளே எத்தனை அடி என்றுதானே கேட்கிறோம். மானிட்டரையும் அப்படிக் கேளுங்கள். 34 அங்குல அல்ட்ராவைடு ஏறக்குறைய 80 செ.மீ. அகலம், 33 செ.மீ. உயரம். 32 அங்குலச் சாதாரண வடிவம் 71 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். பெருக்கிப் பாருங்கள், 32-தான் பெரிய திரை. அந்த 33 செ.மீ. உயரம் வேறெங்கே இருக்கிறது தெரியுமா? 27 அங்குலச் சாதாரண மானிட்டரில். அதாவது 34 அல்ட்ராவைடு என்பது 27 அங்குல மானிட்டரை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டதுதான். உயரத்தில் ஒரு விரற்கடை கூடக் கூடவில்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் என் மகன் 34 அல்ட்ராவைடைக் காட்டியபோது நான் இதைக் கேட்கவில்லை. "அம்மா, நடுப்பக்கம் ரெண்டையும் விரிச்சுப் போடலாம்" என்றான். அதில் விழுந்துவிட்டேன். இருபத்தேழு வருடம் பத்திரிகைப் பக்கம் கட்டியவளிடம் நடுப்பக்க ஆசை காட்டினால் வேறென்ன ஆகும்? ஏ4 பக்கம் இரண்டு சேர்ந்தால் 42 செ.மீ., மீதி அகலத்தில் எழுத்துரு, நிறம், அடுக்குகள் என்று எல்லாப் பெட்டிகளையும் கடை விரித்துவிடலாம். மூன்று மாதம் சொர்க்கம். நான்காவது மாதம் ஒரு நாளிதழ் இணைப்பு வேலை வந்தது. முழுப்பக்கம், அரை மீட்டருக்கு மேல் உயரம். அதை அந்த 33 செ.மீ.க்குள் அடக்கிப் பார்க்க வேண்டுமென்றால் பாதியாகச் சுருக்க வேண்டும். சுருக்கினேன். பக்கத்தின் உச்சியில் சின்ன எழுத்தில் "கல்வி மலர்" என்று ஓடும் தலைப்பில் லகரத்துப் புள்ளி இல்லை. என் கண்ணுக்கு அது படவில்லை. புள்ளி இருக்கிறதா, கண்ணாடித் தூசியா என்று அந்த அளவில் யாருக்குத் தெரியும்? அச்சுக்குப் பிளேட் எடுப்பதற்கு முன்னால் காகிதப் படியில் பிழை திருத்தும் பெண் பிடித்தாள். "அக்கா, இதை நீங்க பார்க்கலையா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். புள்ளி இல்லாவிட்டால் அந்தச் சொல் என்னவாகும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். அல்ட்ராவைடின் புள்ளிக் கணக்கு, அதாவது பிக்சல் கணக்கு, 3440 × 1440. 4கே என்பது 3840 × 2160. ஆனால் 32 அங்குலத்தில் 4கே-வை அப்படியே வைத்தால் எழுத்து கடுகாகத் தெரியும். விண்டோஸில் 125 சதவீதமாகப் பெரிதாக்கித்தான் உட்கார முடியும். அப்படிப் பெரிதாக்கியபின் உங்களுக்குக் கிடைக்கும் இடம் 3072 × 1728. இதில் ஒரு வசதி என்னவென்றால், அந்த நிலையில் இரண்டு திரையிலும் எழுத்தின் அளவு ஒன்றேதான். ஆக நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம்: 32-ல் அகலத்தில் 368 புள்ளி இழக்கிறீர்கள், உயரத்தில் 288 புள்ளி பெறுகிறீர்கள். எக்செல் வரிசை ஒன்று 20 புள்ளி உயரம். மெனு, டாஸ்க்பார் எல்லாம் போக அல்ட்ராவைடில் சுமார் 55 வரிசை தெரிந்தால், 32-ல் சுமார் 70 தெரியும். எழுத்தும் கூர்மையாக இருக்கும்.

கொள்முதல் பதிவேட்டை ஒரு பக்கமும், விற்றவர்கள் காட்டிய பில்கள் வரும் ஜிஎஸ்டி 2பி அறிக்கையை மறுபக்கமும் வைத்து ஒவ்வொரு பில்லாகப் பொருத்துவதுதானே உங்கள் தலைவலி? அதற்கு இரண்டு ஜன்னல் போதும். இரண்டு ஜன்னலுக்கு 3072 தாராளம். மூன்றாவதாக டாலியும் கூடவே நிற்க வேண்டும் என்றால்தான் அல்ட்ராவைடுக்குப் பேச்சே வருகிறது. பட்டியல் கீழ்நோக்கிப் போகிறது, உங்கள் கண்ணும் கீழ்நோக்கிப் போகிறது. நான் 32-க்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

இன்னொன்று. வாடிக்கையாளரிடம் திரையைப் பகிர்ந்து காட்டுவீர்கள் அல்லவா? முழு அல்ட்ராவைடையும் பகிர்ந்தால், அந்தப் பக்கம் 14 அங்குல லேப்டாப்பில் அது ஒரு ரிப்பனாகத்தான் போய்ச் சேரும். நான் அப்படிப் பகிர்ந்தபோது, சிங்கப்பூரில் இருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர், "என்னம்மா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றார். அல்ட்ராவைடுதான் என்று பிடிவாதமாக வாங்கினால், முழுத்திரையைப் பகிராமல் அந்த ஒரு ஜன்னலை மட்டும் பகிருங்கள்.

விலை ஒன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 2019 ஜனவரியிலிருந்து 32 அங்குலம் வரைக்கும் 18 சதவீத வரி, அதைத் தாண்டினால் 28 என்று இருந்ததே, அந்தப் பத்து சதவீதம் 2025 செப்டம்பர் 22-ல் போய்விட்டது. வரிக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா என்ன! கடைக்காரர் பழைய இருப்பை வைத்துக்கொண்டு பழைய விலை சொன்னால் உங்களுக்கே பேசத் தெரியும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 34 அங்குலத்தில் 2560 × 1080 என்று மலிவாக ஒன்று வரும். 32 அங்குலத்தில் 1920 × 1080 என்றும் வரும். இரண்டையும் தொடாதீர்கள். எழுத்தின் ஓரம் ரம்பப் பல் மாதிரி தெரியும்.

தேனியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். எனக்கு எது?
*— வாசகர், தேனி*

உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அல்ட்ராவைடு. டைம்லைன் என்பது கிடைமட்டமாக ஓடுவது. மூன்று கேமரா, நாதஸ்வரம் தனி, மைக் தனி என்று அடுக்கிவைத்துவிட்டு மாப்பிள்ளை அழைப்பிலிருந்து முகூர்த்தம் வரை ஒரே பார்வையில் பார்க்கலாம். என் 34 இப்போது குரோம்பேட்டையில் அக்கா மகன் வீட்டில் இதே வேலையைத்தான் செய்கிறது. "சித்தி, இதை நீங்க எதுக்கு வாங்குனீங்க?" என்று கேட்கிறான்.

படத்தை முழுத்திரையில் ஓட்டினால் இரண்டு பக்கமும் 440 புள்ளி அகலத்துக்குக் கருப்புப் பட்டை வரும். பதறாதீர்கள், வாடிக்கையாளர் வீட்டு டிவியில் வராது. 'விஏ' வகைத் திரை என்றால் இருட்டுக் காட்சிகள் நகரும்போது இழுபடும். நிறம் பார்க்கிற வேலைக்கு 'ஐபிஎஸ்' என்று கேட்டு வாங்குங்கள்.

எனக்கு வயது 61. மொழிபெயர்ப்பாளர். இடப்பக்கம் பிரெஞ்சு மூலம், வலப்பக்கம் தமிழ். அணிந்திருப்பது புரோகிரசிவ் கண்ணாடி. மகள் பெரிய மானிட்டர் வாங்கித்தருகிறேன் என்கிறாள். கழுத்து ஏற்கெனவே வலிக்கிறது. பெரிதாக வாங்கினால் வலி குறையுமா?
*— வாசகி, புதுச்சேரி*

அம்மா, முதலில் கண்ணாடி, அப்புறம்தான் மானிட்டர்.

புரோகிரசிவ் கண்ணாடியில் மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி புத்தகத்துக்கு. திரை இருக்கும் தூரத்துக்கான பகுதி நடுவில் ஒரு சந்து மாதிரி ஒடுங்கிக் கிடக்கும். இரண்டு ஓரமும் மங்கல். இந்தக் கண்ணாடியோடு உயரமான மானிட்டர் முன்னால் உட்கார்ந்தால், மேல் வரிகளைப் படிக்க அந்தச் சந்து வழியாகப் பார்க்கவேண்டி நாடியைத் தூக்குவீர்கள். நாள் முழுக்க, அண்ணாந்து கோபுரம் பார்க்கிற மாதிரி. அதுதான் உங்கள் கழுத்து வலி. எனக்கு 52 வயதில் ஆரம்பித்தது. தலையணையை மாற்றினேன், நாற்காலியை மாற்றினேன், எண்ணெய் தேய்த்தேன். கடைசியில் கண் பரிசோதித்த பெண்தான், "திரை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அளந்துட்டு வாங்க" என்றார். 65 செ.மீ. அந்தத் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி போட்டுக்கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க முடியாது, திரை முன்னால் மட்டும்தான். டேப்பை எடுத்துக் கண்ணிலிருந்து திரைவரை அளந்துகொண்டு போய் அப்படி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம், ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதற்கு நேர்மாறாக உங்களுக்குச் சொல்லப்போகிறேன். உங்கள் வேலைக்கு அல்ட்ராவைடு பொருந்தும். மூலமும் மொழிபெயர்ப்பும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும், நடுவில் அகராதி ஒன்று. பிரெஞ்சு வரியைவிடத் தமிழ் வரி நீண்டுபோகும் என்பது உங்களுக்குத் தெரியாததா! குறுகலான பத்தியில் நம் சொற்கள் படும் பாட்டை நான் பிழைப்பாகவே பார்த்திருக்கிறேன், வரிக்கு மூன்று சொல் விழுந்து நடுவில் ஓட்டை ஓட்டையாக நிற்கும். அகலம் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. உயரமும் 33 செ.மீ.தான் என்பதால் திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்குக் கீழேயே நிற்கும். அண்ணாந்து பார்க்க வேண்டியிராது. பக்கவாட்டில் தலையைத் திருப்பவேண்டி வரும், ஆனால் அது கழுத்துக்குப் பழக்கமான அசைவு.

வளைந்த திரையா, தட்டையா என்று கேட்பீர்கள். 1800ஆர் என்று போட்டிருந்தால் 1,800 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு என்று பொருள். எண் குறையக் குறைய வளைவு கூடும். உங்களுக்கு மெல்லிய வளைவு நல்லது, ஓரத்து எழுத்தும் நடு எழுத்தும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்கும். என்னால்தான் அதைச் சகிக்க முடியவில்லை. பக்கத்தின் அடியில் நேர்க்கோடு போட்டால் அது என்னைப் பார்த்துச் சிரித்தது.

மேசை இரண்டடி ஆழம் என்றால் மானிட்டரின் கால்களே பாதி இடத்தைத் தின்றுவிடும். மேசை விளிம்பில் கவ்வும் கைத்தாங்கி ஒன்று வாங்கி, திரையைச் சுவரோடு தள்ளி வையுங்கள். மானிட்டர் முதுகில் 100 மி.மீ.க்கு 100 மி.மீ. சதுரத்தில் நான்கு திருகு ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மேசை மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை என்றால் கவ்வும் இடத்தில் மேலும் கீழும் ஒட்டுப்பலகைத் துண்டு கொடுங்கள், இல்லாவிட்டால் பலகை பொரிந்து உதிரும். எங்கள் வீட்டில் உதிர்ந்தது.

தஞ்சாவூரில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன், ஆட்டோகேட். மானிட்டருக்கு இவ்வளவு கொடுப்பதற்கு 43 அங்குல 4கே டிவியே வாங்கிவிடலாமே? அல்ட்ராவைடுகாரர்களை எல்லாம் ஒரே அடியில் அடித்துவிடலாம் போலிருக்கிறதே!
*— வாசகர், தஞ்சாவூர்*

அளவில் அடித்துவிடலாம். 95 செ.மீ.க்கு 53. ஏ2 தாள் அசல் அளவில் முழுசாக உட்காரும். ஏ1 தாள்கூடப் படுக்கவைத்தால் உயரத்தில் ஆறு செ.மீ.தான் இடிக்கும். அந்த ஆசை எனக்குப் புரிகிறது.

ஆனால் தம்பி, உங்கள் வேலைக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. டிவி படத்துக்காகச் செய்யப்பட்டது. பல டிவிகள் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தைத் தனியாக வாங்கிக்கொள்ளும், நிறத்தை மட்டும் அக்கம்பக்கம் நான்கு புள்ளிக்கும் சேர்த்து ஒன்றாக வாங்கிக்கொள்ளும். கதாநாயகன் முகத்தில் இது தெரியாது. கறுப்புப் பின்னணியில் ஒரு புள்ளி தடிமனுக்குச் சிவப்புக் கோடும் ஊதாக் கோடும் போடுகிற உங்களுக்கு அப்பட்டமாகத் தெரியும், கோடு கசிந்து மங்கும். ஆகவே கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போங்கள். டிவியில் லேப்டாப் மாட்டிய இணைப்பின் பெயரை 'பிசி' என்று மாற்றச் சொல்லுங்கள். உங்கள் வரைபடம் ஒன்றைத் திறந்து, சிவப்புக் கோட்டின் கிட்டே மூக்கை வைத்துப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் அந்த டிவி உங்களுக்குத் தோதானது. படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள்.

அதற்கப்புறமும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. கணினி தூங்கினால் டிவி "சிக்னல் இல்லை" என்று நிற்கும், காலையில் ரிமோட்டைத் தேட வேண்டும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கி இராது. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் மேல்பாதி சும்மா கிடக்கும், மூன்றடியாவது வேண்டும். உங்களுக்கு வயதாகவில்லையென்றால், புரோகிரசிவ் கண்ணாடி வரும்வரை தாங்கும்.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றினால் 32 அங்குல 4கே மானிட்டர், தட்டையானது. வீட்டு வரைபடக்காரருக்கு வளைந்த திரை வேண்டவே வேண்டாம். சுவர் நேரா, திரை வளைவா என்று நீங்கள் யோசித்துக்கொண்டே இருப்பீர்கள்.

49 அங்குல அல்ட்ராவைடு எப்படி?
*— வாசகர், கோவை*

இரண்டு 27 அங்குலத்தை நடுச்சட்டம் இல்லாமல் ஒட்டியது. 120 செ.மீ. அகலம். நான்கடி மேசையில் அதை வைத்தால் காபி டம்ளருக்கு இடம் இல்லை. உங்களுக்கு இரண்டு 27 வேண்டுமென்றால் இரண்டு 27 வாங்குங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது நிற்கும், ஒன்றை நிமிர்த்தியும் வைத்துக்கொள்ளலாம்.

போன மாதம் ஆசையாக 32 அங்குல 4கே வாங்கினேன். படம் அழகாக இருக்கிறது. ஆனால் மவுஸை இழுத்தால் நொண்டி நொண்டிப் போகிறது. ஜன்னலை நகர்த்தினால் அதிர்கிறது. கடையில் கேட்டால் "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்கிறார்கள். புதுக் கம்ப்யூட்டரும் வாங்க வேண்டுமா?
*— வாசகி, மதுரை*

வேண்டாம், பர்ஸை மூடுங்கள். விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' என்பதைத் திறந்து, புதுப்பிப்பு வேகம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். 30 என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். திரை நொடிக்கு முப்பது முறைதான் மாறுகிறது, அதுதான் அந்த நொண்டல். 60 இருக்க வேண்டும்.

பட்டியலில் 60 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தது. இல்லையென்றால், உங்கள் கணினியின் எச்டிஎம்ஐ துளை பழைய 1.4 வகையாக இருக்கலாம். அதில் 4கே போனால் 30-தான் வரும். 2.0-லிருந்துதான் 60. கணினியின் பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் என்று ஒரு மூலை வெட்டின துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கான கேபிள் ஒன்று வாங்கி மாட்டுங்கள். லேப்டாப்பாக இருந்தால் யுஎஸ்பி-சி துளை வழியாகவும் படம் போகலாம், ஆனால் எல்லா யுஎஸ்பி-சியும் படம் கடத்தாது, லேப்டாப்பின் விவரத்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மானிட்டர் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? அந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பெரும்பாலும் தெர்மாகோலுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுருண்டு கிடக்கும். முதலில் அங்கே பாருங்கள்.